வெள்ளைச் சட்டையில் பால் கறை

கூலாய் ரப்பர் தோட்டம், 1934 ஆனி, புதன்கிழமை.

சட்டையில் ரப்பர் பால் கறை இருந்ததற்காக என் பேத்தி செல்வியைத் தோட்டப் பள்ளியிலிருந்து துரத்திவிட்டார்கள். எல்லாப் பிள்ளைகளும் வெள்ளை உடுத்த வேண்டும் என்று தோட்டத்துக் கணக்குப்பிள்ளையான கிராணி இந்த மாதம்தான் விதி போட்டார். விடியலில் தாயோடு ரப்பர் மரத்தில் பால் வடியும் மங்குகளைத் துடைத்துவிட்டுப் போகிற பிள்ளைக்குக் கறை படாமல் இருக்குமா?

வாத்தியாரிடம் போனேன். "கறை போனதும் அனுப்புங்க தாத்தா" என்றார்.

"துணி கிழிஞ்சாலும் அது போகாதுங்க. உங்க வெள்ளை வேட்டியோட ஒருநாள் ரப்பர் காட்டுக்கு வாங்க, காட்டுறேன்" என்றேன். சிரித்தார்.

திரும்பும் வழியில், கூட வந்த செல்வி, "இனிமே நானும் பால்வெட்டு வேலைக்குத்தானா தாத்தா?" என்று கேட்டாள்.

நாளை அவள் தாய், என் மருமகள், அதே சட்டையைப் போட்டுவிட வேண்டும். லயத்து வரிசை வீடுகளில் இருக்கிற மற்றவர்களும் கறையோடே பிள்ளைகளை அனுப்ப வேண்டும். வீடு வீடாகச் சொல்வது என் பொறுப்பு. கிராணி பள்ளி உடுப்பை வெள்ளையிலிருந்து கறை தெரியாத காக்கிக்கு மாற்ற வேண்டும். அதுவரை வாத்தியார் செல்வியை வகுப்பில் உட்காரவைக்க வேண்டும்.