சட்டை அப்பா

அன்புள்ள உங்களுக்கு,

நானும் பிள்ளைகளும் நலம். உங்கள் நலத்தை நீங்கள் மூன்றே வரியில் முடித்துவிட்டதால் அதைப் பற்றி மேற்கொண்டு கேட்க எனக்கும் ஒன்றும் மிச்சமில்லை. நான்காவது வரியில்தான் விஷயத்துக்கே வந்திருக்கிறீர்கள். அங்கே சுரங்கத்தில் இன்னும் இரண்டு வருஷத்துக்கு ஒப்பந்தப் படிவம் கொடுத்திருக்கிறார்கள், மாதக் கடைசிக்குள் கையெழுத்துப் போட வேண்டும், உன் இஷ்டம் எப்படியோ அப்படியே செய்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். நான்கு வருஷமாகக் குழாய் மாற்றுவதிலிருந்து மூத்தவனுக்குப் பல் பிடுங்குவது வரை எல்லாமே என் இஷ்டம்தான். இப்போது இதையும் என் தலையில் கட்டியாயிற்று. சரி, பதில் சொல்கிறேன். அதற்கு முன்னால் இங்கே நான் பட்ட பாட்டைக் கேளுங்கள். போனில் சொல்லலாம் என்றால் ஞாயிற்றுக்கிழமை கிடைக்கிற பத்து நிமிஷத்தில் எட்டு நிமிஷம் கேக்குதா, கேக்குதா என்பதிலேயே போய்விடுகிறது.

உங்கள் அக்கா குடும்பத்தோடு வந்துவிட்டுப் போனார். ஏதோ பத்திரிகையில் 'குடும்பத்தோடு ஒரு நாள் போய்வர' என்று நம் ஊரைப் படத்தோடு போட்டிருக்கிறார்களாம். ஒரு நாள் என்றுதான் போட்டிருந்தது. இவர்கள் ஒன்பது நாள் இருந்தார்கள். அக்கா, அவர் வீட்டுக்காரர், இரண்டு பையன்கள். இருக்கிற இரண்டு அறையில் ஒன்றை அவர்களுக்குக் கொடுத்துவிட்டு நானும் பிள்ளைகளும் அடுக்களையில் படுத்தோம். அதைக்கூட விடுங்கள். வாரத்தில் ஆறு நாள் நான் டிக்கெட் கிழிக்கிற அதே இடத்துக்கு, கேட்டு வாங்கிய லீவில் வரிசையில் நின்று டிக்கெட் வாங்கிக்கொண்டு போனேனே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. என் ஜன்னலில் எனக்குப் பதிலாக உட்கார்ந்திருந்த பெண், என்னக்கா, வேலைன்னா அவ்வளவு ஆசையா என்று கேட்டாள்.

நம் ஊரில் பார்க்க என்ன இருக்கிறது என்று நீங்கள் சிரிப்பீர்கள். நீங்கள் போகும்போது ஒன்றும் இல்லைதான். இப்போது எல்லாவற்றுக்கும் பெயர்ப் பலகை வைத்துவிட்டார்கள். நீங்கள் முதல் மூன்று வருஷம் மண் வெட்டினீர்களே, அந்தத் திறந்த பள்ளத்தில் தண்ணீர் தேங்கி, அது இப்போது ஏரி. வாத்து மாதிரி செய்த படகில் உட்கார்ந்து காலால் மிதித்துக்கொண்டு போகலாம். அக்கா வீட்டுக்காரர் நடு ஏரியில் மிதிப்பதை நிறுத்திவிட்டுப் படம் எடுக்க ஆரம்பித்தார். படகு சுற்றிச் சுற்றி வந்தது. மிதித்தவர்கள் நானும் மூத்தவனும்.

கழிவு மண்ணைக் கொட்டிக் கொட்டிக் குவித்த மேட்டுக்குப் புல் போர்த்தி முன்னூற்றுப் பன்னிரண்டு படி கட்டியிருக்கிறார்கள். அக்கா அறுபதாவது படியில் உட்கார்ந்துவிட்டார். மேலே போன பையன்களுக்குத் தண்ணீர் கொண்டுபோக ஒரு ஆள், கீழே உட்கார்ந்தவருக்கு விசிறிவிட ஒரு ஆள், இரண்டுக்கும் நான்தான். மூச்சு வாங்க ஏறிப் போனால் உச்சியில் ஒரு கோபுரம். அதில் ஏறிப் பார்த்தால் என்ன தெரிகிறது தெரியுமா? அந்தப் பக்கத்துக் கழிவு மேடு. அதற்கும் படி கட்டப் போகிறார்களாம்.

மூடிப்போன நம் சுரங்கத்துக்குள் கூண்டில் இறங்குவதுதான் எல்லோருக்கும் பெரிய விஷயம். முதல் தளம் வரைதான் விடுகிறார்கள். நடக்கிற பாதைக்குக் கைப்பிடி, தலைக்கு மேல் விளக்கு, காற்றுக்கு விசிறி, நடுவில் உட்கார்ந்து இளைப்பாற பெஞ்சு. எல்லாவற்றையும் பார்த்துவிட்டு அக்கா வீட்டுக்காரர், இவ்வளவுதானா, இதுக்கா மச்சான் அவ்வளவு அலுத்துக்கிட்டாரு என்றார். அவர் முதுகைப் போய்ப் பாருங்கள் என்று நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன். வெளியே வந்ததும் கடையில் கண்ணாடிக் குப்பியில் அடைத்த கரித்துண்டு நான்கு வாங்கினார். உங்கள் துணியில் அதைத் துவைத்தெடுத்துத்தான் பதினோரு வருஷம் என் கை காய்த்துப்போனது. அதை இன்றைக்குக் காகிதத்தில் சுற்றி, நாடா கட்டி, பரிசாகக் கொண்டுபோகிறார்கள்.

இனிமேல்தான் முக்கியமான விஷயம். இதை உங்களிடம் மறைத்தேன் என்று சொல்ல முடியாது. சொல்ல வாய்க்கவில்லை, அவ்வளவுதான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் காட்சிக்கூடம் திறந்தபோது பழைய சாமான் இருந்தால் கொடுங்கள் என்று ஊர் முழுக்கக் கேட்டார்கள். உங்கள் வேலைச் சட்டை, தலைக்கவசம், சோற்று டப்பா மூன்றையும் கொடுத்தேன். போகிற அன்றைக்கு நீங்களே தூக்கிப் போடு என்று சொன்னவைதான். மேலாளர் அவற்றை ஒரு பொம்மைக்கு மாட்டி, கையில் ஒரு கொத்துக் கருவியைக் கொடுத்து, கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நிற்க வைத்துவிட்டார். பொம்மை மூடிப்போன ஒரு துணிக்கடையிலிருந்து வந்தது. வகிடெடுத்த தலை, சிவந்த உதடு, எடுப்பான மூக்கு. முகத்தில் கொஞ்சம் கரி பூசியிருக்கிறார்கள். சத்தியமாக உங்களுக்கு அந்த மூக்கு கிடையாது. ஆனால் சட்டைப் பையில் நான் தைத்த உங்கள் நம்பர் அப்படியே இருக்கிறது.

பள்ளிக்கூடம் விட்டதும் சின்னவள் என் ஜன்னலுக்குத்தான் வருவாள். ஒரு நாள் கூட்ட நேரத்தில் கையைப் பிடித்து இழுத்து, பொம்மையைக் காட்டி, யாரும்மா அது என்று கேட்டாள். நான் சில்லறை எண்ணிக்கொண்டே அப்பா சட்டை என்றேன். அவள் சட்டையை விட்டுவிட்டு அப்பாவை மட்டும் எடுத்துக்கொண்டாள். நான்தான் தப்பு செய்தேன், ஒத்துக்கொள்கிறேன். நிமிர்ந்து பார்த்து இன்னும் இரண்டு வார்த்தை சொல்லியிருக்கலாம். வரிசையில் நாற்பது பேர் நின்றார்கள்.

அதற்கப்புறம் எத்தனை தடவை சொன்னாலும் ஏறவில்லை. அவளுக்கு இப்போது இரண்டு அப்பா. ஞாயிற்றுக்கிழமை பேசுகிறவர் போன் அப்பா. காட்சிக்கூடத்தில் நிற்கிறவர் சட்டை அப்பா. போன் அப்பா நிறைய கேள்வி கேட்பாராம். சட்டை அப்பா சொல்வதையெல்லாம் கேட்டுக்கொள்வாராம். இரண்டு பேரும் ஒருத்தர்தான் என்று நான் சொன்னதற்கு, அப்ப ஏம்மா அவரு போன்லயே இருக்காரு என்று கேட்டாள். உங்களிடம் பதில் இருந்தால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை நீங்களே சொல்லுங்கள். நீங்கள் கிளம்பும்போது அவளுக்கு ஒரு வயசு. நடுவில் வந்த பதினெட்டு நாளில் பாதி நாள் அவள் காய்ச்சலில் கிடந்தாள். குழந்தையைச் சொல்லி என்ன செய்ய?

அக்கா வந்த ஐந்தாம் நாள் எல்லோரும் காட்சிக்கூடத்துக்குப் போனோம். சின்னவள் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு ஓடி, அத்தை, இதுதான் எங்கப்பா என்று காட்டினாள். அக்கா வீட்டுக்காரர் சிரி சிரி என்று சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. அத்தனை பேர் நிற்கும்போதே, பெத்த அப்பன் யாருன்னுகூடச் சொல்லி வளர்க்கலையா நீ என்று என்னைக் கேட்டார். கொத்துக் கருவியால் ஒரு அடி அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. நான் வாயைத் திறப்பதற்குள் அவருடைய சின்னப் பையன் பொம்மையோடு நின்று படம் எடுக்கிறேன் என்று அதன் தோளில் தொங்கினான். கை கழன்று கீழே விழுந்துவிட்டது.

சின்னவள் போட்ட கூச்சலில் கூண்டு ஓட்டுகிறவர் கீழே யாருக்கோ ஆபத்து என்று நினைத்துச் சங்கை ஊதிவிட்டார். சங்குச் சத்தம் கேட்டதும், வெளியே டீ குடித்துக்கொண்டிருந்த நம் பழைய ஆட்கள் ஏழெட்டுப் பேர் போட்டது போட்டபடி ஓடி வந்தார்கள். சுரங்கம் மூடி நான்கு வருஷம் ஆகியும் கால் அதுவாகவே ஓடுகிறது. வந்து பார்த்தால் துணிக்கடைப் பொம்மையின் கையை மடியில் வைத்துக்கொண்டு ஐந்து வயசுப் பெண் அழுகிறாள். யாரும் சிரிக்கவில்லை. உங்களோடு ஒரே ஷிஃப்டில் இறங்குவாரே குட்டையன், அவர்தான் அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார்.

இரண்டு நாள் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. அப்பாவுக்குக் கை போச்சு என்பதுதான் பேச்சு. போனில் நீங்கள் ஏன் உன் குரல் ஒருமாதிரி இருக்கிறது என்று கேட்டீர்களே, சளி என்று சொன்னேனே, அன்றைக்குத்தான் அது. மேலாளர் பொம்மையை எடுத்துவிட்டுச் சட்டையை மட்டும் ஆணியில் மாட்டிவிடலாம் என்றார். அக்காவும் ஊருக்குக் கிளம்பும்போது அதுதான் நல்லது, தொலைச்சுக் கட்டு என்றார். மூத்தவன் மட்டும் வேண்டாம் என்று தலையை ஆட்டினான். இதுநாள் வரை அது வெறும் பொம்மைடி என்று தங்கையைத் திட்டிக்கொண்டே இருந்தவன் அவன்தான்.

திங்கட்கிழமை காட்சிக்கூடத்துக்கு விடுமுறை, கூட்டித் துடைக்கிற நாள். குட்டையன் பசையும் கம்பியும் கொண்டு வந்து கையை ஒட்டிக் கொடுத்தார். மூத்தவன் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவன், கருவியை மாட்டப்போகும்போது தடுத்தான். எங்கப்பா இடது கைக்காரரு, இந்தக் கையில வைங்க என்றான். ஒன்பது வயசுப் பையன் இரண்டு வருஷமாக அந்தத் தப்பைத் தினமும் பார்த்துக்கொண்டே போய்வந்திருக்கிறான். என்னிடம்கூடச் சொல்லவில்லை. இப்போது இடது கையில்தான் இருக்கிறது. மேலாளர் இன்னும் கவனிக்கவில்லை.

பிள்ளைகளைப் பற்றி மட்டும் எழுதினால் நான் யோக்கியமானவள் மாதிரி ஆகிவிடும். அதனால் இதையும் எழுதிவிடுகிறேன். எல்லாத் திங்கட்கிழமையும் அந்தப் பொம்மையைத் துடைப்பது நான்தான். வேறு யாரையும் விடுவதில்லை. காலரைச் சரி செய்கிறேன். மேல் பொத்தானைப் போடுகிறேன். யாரும் இல்லாவிட்டால் பேசவும் செய்கிறேன். கூரை ஒழுகுகிறது, மூத்தவன் கணக்கில் பின்தங்குகிறான், உங்கள் அக்கா என்ன கேட்டார் தெரியுமா என்று போனில் சொல்ல முடியாததையெல்லாம் அதனிடம் கொட்டிவிட்டு வருகிறேன். சின்னவள் சொன்னது சரிதான், நன்றாகக் கேட்டுக்கொள்கிறது. அதற்காக எனக்கு உங்கள் மேல்தான் கோபம் கோபமாக வருகிறது.

இனி உங்கள் நான்காவது வரிக்கு வருகிறேன். என் இஷ்டத்தைக் கேட்டிருக்கிறீர்கள். போடுங்கள் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. போடாதீர்கள், வந்துவிடுங்கள் என்று எழுதினால், வந்து என்ன வேலை பார்ப்பீர்கள் என்று எனக்குத் தெரியவில்லை. இந்த ஊரில் மிச்சம் இருந்த ஒரே ஒரு சுரங்க வேலையையும் அந்தப் பொம்மை பார்த்துக்கொண்டிருக்கிறது. அதனால் இந்த முறை முடிவு என்னுடையது இல்லை. உங்களுடையது. இதை மட்டும் நான் எடுக்க மாட்டேன்.

ஒன்று மட்டும் செய்யுங்கள். நேரத்துக்குச் சாப்பிடுங்கள், முதுகுக்கு மருந்து தேய்க்க மறக்காதீர்கள், பத்து நாள் லீவு கேளுங்கள். கொடுக்க மாட்டேன் என்றால் சண்டை போட்டாவது வாங்குங்கள். படிவத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வாருங்கள். திங்கட்கிழமையாகப் பார்த்து வாருங்கள், கூட்டம் இருக்காது, சாவியும் என்னிடம்தான். போய் அதன் பக்கத்தில் நில்லுங்கள். சின்னவளை நான் வாசலில் இறக்கிவிடுகிறேன். அவள் யாரிடம் ஓடுகிறாள் என்று பார்த்துவிட்டு, அப்புறம் கையெழுத்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி