தகட்டில் போட்ட அம்புக்குறி

22-9-67, வெள்ளி
இன்று ஆத்தில் இருந்தவர்கள் மூன்று பேர். நான், இவர், இவரோடு காலேஜில் உலோக ஆராய்ச்சி பண்ணும் கிளமென்ட். டைட்டானியம் தகடுகள் கொண்டுவந்தார்கள், சின்னச் சதுரங்கள். உருளைகளுக்கு நடுவே விட்டு நசுக்கும்போது உள்ளிருக்கும் கண்ணுக்குத் தெரியாத பொடி மணிகள் - பரல்கள் என்கிறார்கள் - ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடுமாம். அப்புறம் ஒரு பக்கம் மடக்கினால் வளையும், மறுபக்கம் மடக்கினால் வெடிக்கும். உலையில் சுட்டு ஆறவிட்டால் சாய்வு மாறும். எவ்வளவு நசுக்கி எவ்வளவு சுடுவது என்பதுதான் இரண்டு வருஷமாக இவர் வேலை. என்னிடம் சொல்லவில்லை. அவர்கள் பேசியதைத் தளிகை உள்ளில் சமைத்தபடியே கேட்டுக்கொண்டேன்.
"மாமி, இதுல தோசை வார்த்துடாதீங்க" என்றார் கிளமென்ட். சிரித்தேன். இவர் சிரிக்கவில்லை.

23-9-67, சனி
புரட்டாசி முதல் சனிக்கிழமை. விடியலில் பெருமாள் பாத்திரங்களைப் புளி போட்டுத் தேய்த்தேன். கிணற்றடிக் கல்லில் அந்தத் தகடுகளும் இருந்தன, மசி அப்பிக்கொண்டு. இன்றைக்கு ஆத்தில் அழுக்கு இருக்கலாமா? அவற்றையும் தேய்த்து, துடைத்து அடுக்கினேன்.
அழுக்கில்லை என்று அப்புறம் கிளமென்ட் வந்துதான் சொன்னார். எந்தப் பக்கமாக உருட்டியது என்று இவர் அம்புக்குறி போட்டு, காயவைத்திருந்தாராம். குறி போனபின் வெறும் சதுரம் - எப்படித் திருப்பினாலும் ஒன்றுபோலத்தான்.
இவர் திட்டியிருக்கலாம். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

25-9-67
தகடுகளோடு பெங்களூர் போய்விட்டார். அங்கே எக்ஸ்-ரே வைத்துப் பார்ப்பார்களாம். ஸ்டேஷனுக்கு வரட்டுமா என்றேன். "வேண்டாம்."

2-10-67
ஒரு வாரமாகத் தபால் இல்லை. வரவுசெலவு எழுதினேன். ஒருத்திக்கு என்ன செலவு?

7-10-67
மூன்றாவது சனிக்கிழமை. பெருமாளுக்கு அமுது செய்வித்து, நானே சாப்பிட்டு, நானே இலை எடுத்தேன்.

12-10-67
கிளமென்ட் வந்தார். இவர் அவருக்குக் கடிதம் போட்டிருக்கிறார். எக்ஸ்-ரேயில் பரல்களின் சாய்வு தெரிந்து, எதை எந்தப் பக்கமாக உருட்டியது என்று கண்டுபிடித்தாயிற்றாம்.
"ஒண்ணும் வீணாகலை மாமி. மிச்ச ஆராய்ச்சியையும் அங்கேயே முடிக்கப்போறார். வீடுகூடப் பார்த்துட்டார். உங்களுக்கு எழுதியிருப்பாரே."
எழுதினார் என்றேன். பெருமாள் எழுந்தருளியிருக்கும் உள்ளுக்கு எதிரே நின்றுகொண்டு.
ஒன்றும் வீணாகவில்லை. அப்போ இன்னும் என்ன கோபம்? தகட்டுக்காகத்தான் பேசலைன்னு நினைச்சிண்டிருந்தேனே - அதுக்கு முன்னாடி மட்டும் பேசினாரா?

14-10-67
விலாசம் கேட்டுக் கிளமென்ட் வீட்டுக்கு ஆள் அனுப்ப வேண்டியிருந்தது. அவருக்குப் புரிந்திருக்கும். புரியட்டும்.
கார்டு போட்டேன். எழுதியது இவ்வளவுதான்:
"தகடுகள் விஷயம் சரியாகிவிட்டதாகக் கிளமென்ட் சொன்னார். சந்தோஷம். நான் அங்கே வரலாமா, கூடாதா? எதுவானாலும் சீக்கிரம் பதில் எழுதவும்."