ஏழாவது விதி

திருமுல்லைவாயில்
28-9-67

அன்புள்ள தம்பி பரந்தாமனுக்கு, அக்கா லோகநாயகி ஆசி சொல்லி எழுதுவது.

நம் வீட்டுச் சுவர்க்கடிகாரத்தைப் பத்து நிமிடம் முன்னால் தள்ளி வைப்பது என்று நேற்றுக் காலை ஆறு மணிக்கு உன் அத்தான் முடிவு செய்தார். அதாவது, ஆறு பத்துக்கு. நான்கு நாள் ஆலோசனைக்குப் பிறகு எடுக்கப்பட்ட முடிவு இது. ஐந்து நிமிடம் போதுமே என்று நடுவில் ஒருமுறை தோன்றியதாகவும், அதெல்லாம் அரைமனதுக்காரர்கள் செய்வது என்று பிறகு தெளிந்ததாகவும் சொன்னார். ஸ்டூலைப் பிடித்துக்கொள்ளும் பொறுப்பு எனக்குத் தரப்பட்டது. முள்ளை நகர்த்திவிட்டு இறங்கியவர், இனிமேல் இந்த வீடு ஊருக்கு முன்னால் போகிறது என்று அறிவித்தார். பிறகு பத்து நிமிடம் முன்னதாகவே ஸ்டேஷனுக்குப் போனார். ரயில் அரைமணி தாமதம். ஆக மொத்தம் நாற்பது நிமிடம் ஊருக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

சுசீலாவுக்கு ஏழாம் மாதம் பிறந்துவிட்டது என்று எழுதியிருந்தாய். சந்தோஷம். கால் வீங்கினால் உப்பைக் குறைக்கச் சொல். பிலாயில் நல்ல முருங்கைக்கீரை கிடைக்காது என்று அவள் குறைப்பட்டதாக எழுதினாய். கிடைக்கிற கீரையைத் தின்னச் சொல்.

இங்கே எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு புத்தகம். போன மாதம் மூர் மார்க்கெட்டில் வாங்கியது. வாழ்க்கையிலும் தொழிலிலும் சோர்வில்லாமல் முன்னேறுவது எப்படி என்று பன்னிரண்டு விதிகள் இருக்கின்றன. அட்டை கிழிந்துபோனதால் எழுதியவர் யார் என்று தெரியவில்லை. அவர் முன்னேறினாரா என்பதும் தெரியவில்லை. உன் அத்தான் அகராதியை மடியில் வைத்துக்கொண்டு படித்து, பன்னிரண்டையும் தமிழில் ஓர் அட்டையில் எழுதிச் சட்டைப் பையில் வைத்திருக்கிறார். நாலரைக்கு எழுந்திருப்பது முதல் விதி. சந்தேகம் உழைப்பின் எதிரி என்பது ஐந்தாவது. நடக்க வேண்டியதை நடந்துவிட்டதாகவே பேச வேண்டும் என்பது ஏழாவது. அவருக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

பிடித்ததால் வந்த பலனையும் கேள். மோட்டார் கம்பெனி ஆர்டர் கிடைத்துவிட்டது என்று பால்காரத் தாயம்மாவிடம் சொல்லியிருக்கிறார். மறுநாள் அவள் பெரிய செம்பாகத் தூக்கிக்கொண்டு வந்து, "இன்னாம்மா, ஆர்டர் வந்துட்ச்சாமே, அண்ணாத்தே சொல்லிச்சு. இனிமே அரைப்படி எப்டிம்மா போதும்?" என்றாள். இப்போது ஒரு படி வாங்குகிறோம். வீட்டில் இருப்பது இரண்டு பேர்.

உண்மை நிலவரம் இதுதான். ஆர்டர் வரவில்லை, பரீட்சைதான் வந்திருக்கிறது. சுண்டுவிரல் நீளத்தில் ஐந்நூறு எஃகுப் பின்கள் செய்து தர வேண்டும். அவை தேறினால் மாதா மாதம் ஆர்டர். தேறாவிட்டால் அந்தக் கம்பெனியின் கேட்டுக்குள் அவர் மறுபடி நுழைய முடியாது. ஆவடித் தொழிற்சாலை வேலையை விட்டு ஒரு வருஷம் ஆகப்போகிறது. குவார்ட்டர்ஸைக் காலி செய்துகொண்டு இங்கே வந்தும் சங்குச் சத்தம் நம்மை விடவில்லை. காற்று இந்தப் பக்கம் அடித்தால் தெளிவாகக் கேட்கிறது. சங்கு ஊதியதும் அவர் கை தானாகச் சட்டையைத் தேடும். பிறகு நினைவு வந்து, சும்மா அலமாரிக் கதவைத் துடைப்பார். எங்கள் அலமாரிக் கதவு மிகவும் சுத்தமாக இருக்கிறது.

அம்பத்தூர் எஸ்டேட்டில் நாம் எடுத்திருப்பது பாதி ஷெட். ஒரு கிரைண்டிங் மெஷின், ஒரு லேத், துலுக்கானம் என்று ஒரு மேஸ்திரி. அவர் இந்த இடத்தில் எஸ்டேட் வருவதற்கு முன் இதே மண்ணில் கடலைக்காய் பிடுங்கியவர். வாசலில் சென்ற வாரம் போர்டு மாட்டியாகிவிட்டது. 'சண்முகசுந்தரம் அண்டு பரந்தாமன்' என்று அவர் பெயரையும் உன் பெயரையும் சேர்த்துப் பச்சைப் பெயிண்டில் எழுதியிருக்கிறது. நீ பிலாயில் இருப்பது போர்டுக்குத் தெரியாது.

நீ வேலையை விட்டுவிட்டு வந்து கூட்டாக நிற்க வேண்டும் என்று அவர் உனக்கு எழுதுகிற கடிதங்களை நான்தான் தபாலில் போடுகிறேன். அவர் பேரில் எனக்கு நம்பிக்கை இல்லை என்று நினைக்காதே. மெஷின் முன்னால் நின்றால் அவர் வேறு ஆள். ஆனால் ஒரு குடும்பம் குவார்ட்டர்ஸை விட்டு இறங்கியது போதும். ராஜினாமா கொடுத்தால் ஒரு வாரத்தில் உன்னை விடுவித்துவிடுவார்கள் என்று எழுதியிருந்தாய். அது எனக்குப் பயமாக இருக்கிறது. நான் சொல்லும்வரை நீ ராஜினாமா எழுதாதே. அத்தான் சொன்னால் போதாது, அக்கா சொல்ல வேண்டும். இதை அவரிடமும் சொல்லிவிட்டேன்.

இருவரும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உன் அக்கா,
லோகநாயகி


திருமுல்லைவாயில்
17-10-67

அன்புள்ள தம்பி பரந்தாமனுக்கு, அக்கா எழுதுவது.

பதின்மூன்றாம் தேதி இரவோ பதினான்காம் தேதியோ உனக்கு என் பெயரில் ஒரு தந்தி வந்திருக்கும். அது நான் கொடுத்ததல்ல. ஆர்டர் தேறவில்லை. நீ ராஜினாமா கொடுக்காதே. கொடுத்திருந்தால் ஆபீசரைப் போய்ப் பார்த்துத் திரும்ப வாங்கிக்கொள். இதற்குக் கீழே உள்ளதைப் பிறகு படித்தாலும் போதும்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். பதின்மூன்றாம் தேதி விஜயதசமி. அதற்கு முந்தைய நாள் ஷெட்டில் ஆயுத பூஜை. துலுக்கானம் மெஷின்களைக் கழுவித் துடைத்து மாவிலை கட்டினார். சந்தனம், குங்குமம் வைக்கிற வேலை எனக்கு. ஸ்பானர் முதல் எண்ணெய்க் குப்பி வரை வரிசையாக வைத்திருந்தோம். எல்லாவற்றுக்கும் நடுவில், வாழை இலை போட்டு, கம்பெனிக்காரர்கள் கொடுத்த கேஜை வைத்தார் உன் அத்தான்.

உனக்குத் தெரிந்த பொருள்தான், சுசீலாவுக்காகச் சொல்கிறேன். கேஜ் என்பது இரண்டு பக்கமும் வாய் பிளந்த சின்ன இரும்புத் துண்டு. ஒரு வாயில் பின் நுழைய வேண்டும், மறு வாயில் நுழையக் கூடாது. அவ்வளவுதான் பரீட்சை. நம் தலையெழுத்து இதன் வாயில்தான் இருக்கிறது, இதற்கு நன்றாக வை என்றார் அத்தான். கேஜின் மேல்பக்கத்தில் கம்பெனியின் நம்பர் வெட்டியிருந்தது. இரவல் பொருள், நம்பர் மறையக் கூடாது என்று நான் யோசித்தேன். எனவே, இரண்டு வாய்க்கும் உள்ளே, மறைவாக, ஆளுக்கு ஒரு பொட்டு. பார்க்க அழகாகவே இருந்தது.

மறுநாள் காலை ஐந்து மணிக்கே, நம் கடிகாரப்படி ஐந்து பத்துக்கு, அத்தானும் துலுக்கானமும் ஷெட்டுக்குக் கிளம்பிப் போனார்கள். விஜயதசமியன்று தொடங்கியது தோற்காது என்று ஒரே நாளில் ஐந்நூறையும் முடிக்கத் தீர்மானம். பூஜையில் வைத்த சந்தனத்தை யாரும் துடைப்பதில்லை அல்லவா, இவர்களும் துடைக்கவில்லை. பத்துப் பதினைந்து ஓடியதும் துலுக்கானம், "மொதலாளி, கேஜு இன்னிக்கு டைட்டா கீது. பின்னை ரொம்பத் தேய்ச்சாதான் உள்ள பூருது. ஒருவாட்டி பாத்துடலாமா?" என்று கேட்டிருக்கிறார். அத்தான் சட்டைப் பையைத் தொட்டு, ஐந்தாவது விதியைச் சொல்லியிருக்கிறார். துலுக்கானம், "விதின்னு சொல்லிட்டா நான் இன்னா பண்றது, தேய்க்கிறேன்" என்று தேய்த்துவிட்டார்.

மாலை ஏழு மணிக்குள் ஐந்நூறும் முடிந்தன. அத்தனை வேகமாக அந்த ஷெட்டில் வேலை நடந்ததே இல்லையாம். தினமும் ரயிலில் இறங்கி முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வருகிறவர் அன்றைக்குப் பாடிக்கொண்டு வந்தார். கதம்பம் வாங்கி வந்தார். நான் தலையில் வைத்துக்கொண்டேன்.

நேற்று கம்பெனியில் பரிசோதனை. அவர்களுடைய கேஜில் நுழையக் கூடாத வாயிலும் நம் பின்கள் நுழைந்தன. ஐந்நூறும் நுழைந்தன. தலைமுடியில் கால்வாசி மெலிந்துவிட்டன என்றார்களாம். தடிமனாக இருந்தால் தேய்க்கலாம். மெலிந்ததை என்ன செய்வது? மூட்டையைத் திருப்பிக் கொடுத்து, கேஜை ஒப்படைக்கச் சொல்லிவிட்டார்கள். அத்தான் வந்து படுத்தார். பிறகு எழுந்து, போன வாரத்தில் இரண்டு நாள் ஐந்து மணிக்கு எழுந்ததுதான் காரணம் என்றார். இன்று நாலு மணிக்கே எழுந்து உட்கார்ந்திருந்தார்.

நேற்று மாலையே, கேஜை ஒப்படைப்பதற்கு முன் துடைக்க எடுத்தவர் துலுக்கானம். அதைக் கையில் மூடிக்கொண்டு நேராக நம் வீட்டுப் பின்வாசலுக்கு வந்தார். நகத்தால் சுரண்டிக் காட்டினார். காய்ந்து, எண்ணெயோடு சேர்ந்து, ஓடு மாதிரி ஆகியிருந்தது. "யம்மா, உள்ளாற சந்தனம் கீதும்மா," என்றார். பிறகு அவரே, "நான் மண்ணெண்ணெ போட்டுத் தொடச்சிடறேன். நீயும் பாக்கல, நானும் பாக்கல. மொதலாளி அந்தப் பொஸ்தகத்தையே திட்டிக்கினு இருக்கட்டும், அதுக்கு வலிக்காது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பரந்தாமா, இரண்டு மாதமாக அவருடைய விதிகளைப் பார்த்து உள்ளுக்குள் சிரித்தவள் நான். உனக்கும் சிரிக்கச் சிரிக்க எழுதியவள் நான். அவருடைய பன்னிரண்டு விதிகளும் செய்யாததை என் ஒரு விரல் செய்துவிட்டது. அவரிடம் சொல்ல வேண்டும். நேற்று இரண்டு முறை வாயெடுத்தேன். ஒரு முறை காபி வேண்டுமா என்றும், இன்னொரு முறை விளக்கை அணைக்கட்டுமா என்றும் கேட்டேன்.

இன்று காலை அவர் சட்டையைத் துவைக்கப் போடும்போது பையில் விதி அட்டை இருந்தது. அதன் பின்பக்கத்தில் பென்சிலால் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. ஆர்டர் கிடைத்தது, ராஜினாமா செய், உடனே புறப்படு, லோகநாயகி. கூடவே பதின்மூன்றாம் தேதித் தந்தி ரசீது, பரிசோதனைக்கு மூன்று நாள் முன்னால், ஏழாவது விதிப்படி. எனக்கு முதலில் கோபம்கூட வரவில்லை. அக்கா சொன்னால்தான் வருவாய் என்று நானே அவருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன் அல்லவா. ஆர்டர் தேறாதது நேற்றே தெரிந்தும் ஏன் மாற்றுத் தந்தி கொடுக்கவில்லை என்று கேட்கலாம். கேட்டால், நீ என்னிடம் என்ன மறைத்தாய் என்று அவர் கேட்பார். கேட்க மாட்டார், அவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் எனக்கு அப்படிக் கேட்கிறது.

தந்தி கொடுக்கத்தான் முதலில் நினைத்தேன். என் பெயரில் 'வா' என்று ஒன்றும் 'வராதே' என்று ஒன்றும் வந்தால், யாருக்கு என்ன ஆயிற்றோ என்று அடுத்த ரயிலிலேயே வந்து நிற்பாய். உன்னை எனக்குத் தெரியும். அதனால் என் கையெழுத்தையே அனுப்புகிறேன். வேறு யார் கையிலும் போகாதபடி ரிஜிஸ்தர் செய்கிறேன். படித்ததும் கிழித்துவிடு. அத்தானுக்கு நீ எழுதும்போது சந்தனத்தைப் பற்றி எழுதாதே. நானே சொல்வேன். தீபாவளி போகட்டும், அவர் மறுபடி ஒரு வேலையில் இறங்கட்டும், சொல்லிவிடுவேன்.

கடிகாரத்தை இன்று சரியான நேரத்துக்குத் திருப்பி வைத்தேன். ஸ்டூலைப் பிடிக்க ஆள் இல்லை, ஆனாலும் விழவில்லை.

உன் பிள்ளை அந்தக் குவார்ட்டர்ஸிலேயே, உன் சம்பளத்திலேயே பிறக்க வேண்டும். இந்த ஊர் மாசிலாமணி சுவாமியிடம் இதைத் தவிர இப்போது நான் வேறு ஒன்றும் கேட்பதில்லை. இருக்கிற இடத்தில் இரு, தம்பி.

உன் அக்கா,
லோகநாயகி


(உறையின் மேல்: ரிஜிஸ்தர் எண் 214. பிலாய், 23-10-67. பெறுபவர் வேலையை விட்டு ஊருக்குப் போய்விட்டார். அனுப்பியவருக்கே திருப்புக. திருமுல்லைவாயில், 28-10-67. ஒப்படைக்கப்பட்டது. பெற்றுக்கொண்டவர் கையொப்பம்: சண்முகசுந்தரம்.)