அக்கரையில் படிந்த மண்

தம்பி,

‘அன்புள்ள’ என்று எழுதக் கை வரவில்லை. நான் வந்து சேர்வதற்குள் அம்மாவை ஆற்றங்கரையில் அப்பாவுக்குப் பக்கத்தில் புதைத்துவிட்டு, “நீதான் வானத்துலேருந்து பாக்கற ஆளாச்சே அண்ணா, அங்கேருந்தே பாத்துக்கோ” என்றாய். அதை நான் மறக்கவில்லை.

பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அலையாத்திக் காட்டில் ஆறு எங்கே கரையை அரிக்கிறது, எங்கே மண் சேர்க்கிறது என்று செயற்கைக்கோள் படங்களில் அளப்பதுதானே என் பிழைப்பு. படத்தில் ஒரு கட்டம் என்பது தரையில் பத்து மீட்டர். அப்பாவும் அம்மாவும் ஒரே கட்டத்துக்குள் இருந்தார்கள்.

போன மாதம் அந்தக் கட்டம் தண்ணீராகத் தெரிந்தது. கடலோதம் ஏறியிருந்தபோது எடுத்த படம், வடிந்தால் கரை தெரியும் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். நேற்று ஓதம் வடிந்தபோது எடுத்த படமும் வந்துவிட்டது.

கரை இல்லை.

அரித்த மண் வளைவைத் தாண்டி, அக்கரையில் இருக்கும் உன் வீட்டுக்கு முன்னால் படிந்திருக்கிறது. உயிரோடிருந்தபோது என்னிடம் ஒரு வாரம்கூடத் தங்காத அம்மா, இப்போதும் உன் வீட்டுக்கே வந்துவிட்டாள்.

அந்தச் சேற்றில் அலையாத்திக் கன்றுகள் முளைக்கும். படகு கட்ட இடம் வேண்டுமென்று அவற்றைப் பிடுங்கிவிடாதே.

அண்ணன்