முனை கீறிய ஷூவும் ஒரு லத்தீன் சொல்லும்

அக்கா,

ஃபேக்டரியில் இன்று ஷூ ரேக்கைக் காலி செய்யச் சொன்னார்கள். கீழ்த்தட்டில் உங்கள் இடது ஷூ கிடந்தது. பெருவிரல் புண்ணுக்கு இடம் விட, அட்டைப்பெட்டி அறுக்கும் கத்தியால் நீங்களே முனையைக் கீறிய வெள்ளை ஷூ. யாருடையது என்று சூப்பர்வைசர் கேட்டார். என்னுடையது என்றேன்.

நம் லூபோக் சீனாவிலிருந்து புக்கிட் ரம்பாய்க்கு வரும் ஃபேக்டரி பஸ்ஸில் தினமும் பக்கத்துப் பக்கத்து சீட் நமக்கு. நான் போனில் ஓர் ஆங்கிலச் சொல்லின் பூர்வீகத்தைப் படித்துக்காட்டுவேன். எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. எல்லாம் யூடியூபில் பிடித்த பைத்தியம்.

"இன்னைக்கு வார்த்தைக்கு எந்த ஊரு?"

"லத்தீன்க்கா."

"திரும்பவும் அங்கேயா? அவங்களுக்கு வேற வேலையே இல்ல லா."

ஃபேக்டரிக்கு வருமுன் பத்து வருடம் செம்பனைத் தோட்டத்தில் மட்டை வெட்டியவர் நீங்கள். ஆஸ்பத்திரிக்கு நான் துணைக்கு வந்த அன்று, டாக்டர் உங்கள் பெருவிரலைத் தொட்டு, "இனி சஹாஜா, ஆன்ட்டி" என்றார். இந்த விரல் மட்டும்தான் என்று மலாயில் சொன்னார். ஆனால் கையெழுத்துப் போட வேண்டிய பாரத்தில் இருந்த சொல்லைப் பார்த்துப் பேனாவை நிறுத்தினீர்கள்.

"ஒரு வெரலுக்கு இவ்ளோ நீட்டு வார்த்தையா? எங்க மச்சான் பாரத்துலயும் இதேதான் இருந்துச்சு. அவருக்கு முட்டி வரைக்கும் போச்சு. ஏ டிக்சனரி, சரியாப் பாத்துச் சொல்லு."

ஆம்புடேட். எனக்குக் கை பரபரத்தது.

"அக்கா, இது உங்க வேலதான்க்கா! லத்தீன்ல மரத்தக் கழிக்கிறதுக்கு உள்ள வார்த்த. முன்னால வர்ற 'ஆம்'னா சுத்திலும். சுத்திலும் கழிக்கிறது. செம இல்ல?"

நீங்கள் சிரிக்கவில்லை.

"சுத்திலுமா? குலைக்குக் கீழ ரெண்டு மட்டையாச்சும் விடணும். சுத்திலும் மொட்டையடிச்சா மரம் என்னாத்துக்கு ஆவும்?"

கையெழுத்துப் போடாமலே பேனாவை மூடிவிட்டு எழுந்தீர்கள். திரும்பும் வழியில் நான் குழறினேன்: "இப்ப அதுக்கு அப்படி அர்த்தம் இல்லக்கா. வெட்டி எடுக்கிறது, அவ்வளவுதான்."

"பூர்வீகம் பொய் சொல்லாதுன்னு தெனம் சொல்றவ நீதானே?"

மூன்று வாரம் கழித்து விரலின் கறுப்பு பாதத்துக்கு ஏறியிருந்தது. முன்பாதம் முழுவதும் போயிற்று. இரண்டாவது பாரத்திலும் அதே சொல். அதைப் பற்றி ஒன்றும் கேட்காமல் கையெழுத்துப் போட்டீர்கள். வார்டில் கண் விழித்ததும் என்னிடம் சொன்னது இதுதான்: "அன்னைக்கு நான் வார்த்தைய கேக்கல டிக்சனரி. எவ்ளோ போவும்னு கேட்டேன்." கோபமே இல்லாத குரல். திட்டியிருக்கலாம்.

மறுபடி வேலைக்கு வந்தீர்கள், உட்கார்ந்து செய்யும் வேலைக்கு. பஸ்ஸில் மறுபடி "எந்த ஊரு?" என்றீர்கள். நானும் படித்துக்காட்டினேன். அந்த ஒரு சொல்லின் பக்கம் மட்டும் இருவருமே போகவில்லை. போன மாதம் நெஞ்சுவலியில் போய்விட்டீர்கள். காலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றாள் உங்கள் மகள். இருக்கலாம்.

அன்று போனில் நான் படிக்காமல் விட்ட வரிகள் இரண்டு உண்டு. கழிப்பதைக் குறித்த அந்த லத்தீன் வினைக்கு அதற்கும் முந்திய பொருள், துப்புரவாக்குவதாம். இன்னும் கீழே, இன்று அந்தச் சொல் விரலானாலும் காலானாலும் கெட்ட பகுதியை வெட்டி எடுப்பதை மட்டும்தான் குறிக்கிறது என்று ஒரே வரியில் எளிமையாகப் போட்டிருந்தார்கள். உங்களுக்கு வேண்டியிருந்தது அந்த வரி. எனக்குப் பிடித்தது வேறு வரி.

இன்று மாலை பஸ்ஸில் உங்கள் சீட்டில் புதிதாக வந்த பெண் உட்கார்ந்தாள். கிளினிக் கடிதம் ஒன்றை நீட்டி, "அக்கா, இந்த வார்த்தைக்கு என்னா அர்த்தம்?" என்றாள். பார்த்ததுமே வேர் தெரிந்தது, லத்தீன்தான். மடியில் உங்கள் ஷூ இருந்தது. போனை எடுக்கவில்லை.

"யாருக்கும்மா?" என்று கேட்டேன்.