மதினி நடத்திய பாடம்

அன்புள்ள மதினிக்கு, ஸலாம்.

நேற்று கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் முன்னாலிருந்து ஒரு வெள்ளைக்கார அம்மா அழைத்தார். "ஐ வில் பிக் யூ அப்" என்று நானே சொன்னேன். உங்களைக் கேட்காமல் ஆங்கிலத்தில் பேசி நான் ஓட்டும் கிராப் வாடகைக் காரில் ஏற்றிய முதல் ஆள் அவர்தான்.

உங்கள் தம்பி தவறியபின் நான் வீட்டோடு இத்தா இருந்த மாதங்களில், தினமும் அஸர் தொழுகைக்குப் பிறகு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்க வந்தீர்கள். ஃபோனை எடுப்பதும் பிக் அப், ஆளை ஏற்றுவதும் பிக் அப், காதால் கேட்டே பாஷை பழகுவதும் பிக் அப்பா என்று சண்டை போட்டேன்.

"ஆமாலா, அந்தச் சண்டைய இங்கிலீஷ்ல போடு" என்றீர்கள்.

துக்கம் கேட்க வந்த பெண்கள் முகம் சுளித்தார்கள். நீங்கள் பாடத்தை நிறுத்தவில்லை, உங்கள் கண் சிவந்திருந்த நாட்களிலும்கூட.

பயணிகளைப் பின்னால்தான் உட்கார வைக்கிறேன். ஆஸ்பத்திரிக்குப் போகையில் அவருக்காகச் சாய்த்த முன் இருக்கையை இன்னும் நிமிர்த்தவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கோலாலம்பூரிலிருந்து ரயிலில் பட்டர்வொர்த் திரும்புகிறீர்களாமே. வேறு கெரெத்தா பிடிக்காதீர்கள், என் கார் இருக்கிறது. ஐ வில் பிக் யூ அப்.

அந்த இருக்கையை நிமிர்த்தி வைக்கிறேன். நீங்கள் முன்னால் உட்காருங்கள்.

என்றும் நன்றியுடன்,
உங்கள் தம்பி மனைவி