முனிரத்தினம்தான் என் கடைசிப் பேர்

டல்லாஸ், 2004

அன்புள்ள அப்பாவுக்கு, ராமராஜனோட வணக்கம். முட்டிவலி குறைஞ்சுதா? நான் நல்லா இருக்கேன்.

ஒரு ஆஸ்பத்திரிக்காக நோயாளிங்க பேரை முதல் பேர், கடைசிப் பேர்னு பிரிக்க கம்ப்யூட்டருக்கு ஒரு குவரி, அதாவது கட்டளை, எழுதினேன். கமாவுல மட்டும் வெட்டாம, இடைவெளியிலயும் வெட்டற மாதிரி ரெகுலர் எக்ஸ்பிரஷன்னு ஒரு விதி போட்டுட்டேன். "டி சில்வா, மேரி" ரெண்டுக்குப் பதிலா மூணு துண்டாயிடுச்சு. தப்பு என்னுதுதான்.

மேனேஜர் ஸுதர்சன், நம்ம சின்ன காஞ்சிபுரத்து ஆளு, எல்லார் எதிர்லயும் சிரிச்சான். "கடைசிப் பேரே இல்லாத வீட்டுப் புள்ளைக்கு இது எப்படித் தெரியும்?"

"எங்கப்பா பேரு முனிரத்தினம்தான் என் கடைசிப் பேர். இன்னொரு தடவை எங்க வீட்டை இழுத்தே, மரியாதை கெட்டுடும்"னேன். அப்பவே குவரியைத் திருத்தினேன். அவன் தேடித் தேடிப் பாத்தும் ஒரு தப்பு கிடைக்கல. மூணு வாரமா நாங்க பேசறதில்ல. அவனை மன்னிக்கவும் மாட்டேன்.

இந்த ஆபீஸ்ல தமிழ் பேச அவனை விட்டா வேற ஆளில்லப்பா. ஞாயித்துக்கிழமை போன் பண்றேன், சீக்கிரம் வெச்சிடாதீங்க. பஸ் ஸ்டாப்புல உக்காந்துதான் எழுதறேன், பஸ் வந்துடுச்சு.

ராமராஜன்